பேஸ் செலக்டர் சுவிட்ச்

பேஸ் செலக்டர் சுவிட்ச் என்பது மும்முனை மின் இணைப்புள்ள வீட்டில் மூன்று பேஸ்களில் ஏதேனும் ஒன்றை மட்டும் விளக்கு, மின்விசிறிச் சுற்றுக்கு மாற்றித் தரும் சுழல் சுவிட்ச். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஒரு பேஸ் போனால் தறி விளக்கும் போகும். பட்டிழையின் நிறம் பிரித்தறிய முடியாது, வேலை நிற்கும். குமிழைத் திருப்பினால் அடுத்த பேஸில் விளக்கு எரியும்.

இதில் 0, 1, 2, 3 என நான்கு நிலைகள். உள்ளே ஒரு தண்டு, அதில் அடுக்கடுக்காகக் கேம் தட்டுகள். தட்டின் பள்ளம் நேரே வரும்போது ஸ்பிரிங் அழுத்தத்தால் கான்டாக்ட் மூடும். மேடு வந்தால் திறக்கும். ஜக்கார்டு தறி அறிந்த நெசவாளருக்கு இது புதிதல்ல. அட்டையில் துளை இருந்தால் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் நூல் அப்படியே கிடக்கும். சுவிட்சுடன் வரும் கான்டாக்ட் அட்டவணையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த புடவை டிசைனைப் போன்றதே: ஒருபுறம் முனை எண்கள், மறுபுறம் நிலைகள், பெருக்கல் குறி உள்ள கட்டத்தில் அந்த முனை இணை மூடியிருக்கும். டிசைனைப் பார்க்காமல் அட்டை குத்துபவர் இல்லை. அட்டவணையைப் பார்க்காமல் வயர் பூட்டுவது மட்டும் இன்னும் நடக்கிறது.

பொதுவான அமைப்பில் சிவப்பு, மஞ்சள், நீல பேஸ்கள் முறையே 1, 3, 5 முனைகளுக்கு வரும். 2, 4, 6 முனைகளை லிங்க் போட்டு ஒன்றாக்கி, அங்கிருந்து ஒரே கம்பி வீட்டுச் சுற்றுக்குப் போகும். நியூட்ரல் நேரே செல்லும். எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். 1985இல் தொடங்கிய கோயம்புத்தூர் சால்சர் நிறுவனம் இத்தகைய கேம் சுவிட்சுகளைத் தயாரிக்கிறது.

பழைய கான்டாக்ட் முழுதும் விட்ட பிறகே புதியது சேர வேண்டும். இந்தச் சுவிட்சின் உயிர்நாடி இதுதான். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். இரண்டும் ஒருகணம் சேர்ந்தாலும் ஷார்ட் சர்க்யூட். இதில் இணைத்த சுற்றின் முழுச் சுமையும் ஒரே பேஸில் ஏறுவதால், கம்பியும் சுவிட்சும் அந்த ஆம்பியரைத் தாங்க வேண்டும். மும்முனை மோட்டாரை இதன் வழியே இணைக்கக் கூடாது.

புதுச் சுவிட்சில் லிங்க் போட்டபின், மின்கம்பிகளை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரின் கன்டினியூட்டி ஒலி நிலையில் சோதியுங்கள். குமிழை மெதுவாகத் திருப்பும்போது 1–3, 3–5, 1–5 முனைகளுக்கு இடையே எந்த இடத்திலாவது ஒலி எழுந்தால் அதைப் பொருத்த வேண்டாம்.