பத்தும் நூறும்: சில மின்தடை எண்களின் வரலாறு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008-இல் தோன்றின. சுற்றுவட்டச் சிற்றூர்களில் தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் பலர் ‘ஆப்-ஆம்ப்’ எனப்படும் செயல்பாட்டுப் பெருக்கியை முதன்முதலில் சந்திப்பது இத்தகைய கல்லூரிகளின் ஆய்வகத்தில்தான். பத்து மடங்கு பெருக்கம் வேண்டுமெனில் உள்ளீட்டில் 10 கிலோ ஓம், பின்னூட்டத்தில் 100 கிலோ ஓம் என்று மனனம் செய்கின்றனர். 10 ஓமும் 100 ஓமும் ஏன் ஆகா? அவற்றின் விகிதமும் பத்துத்தானே? இலக்கியப் பக்கத்தில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

விகிதம் என்பது நமக்குப் புதிதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. விரைந்து படித்தாலும் நிதானமாகப் படித்தாலும் அவ்விகிதம் மாறாது. மின்னணுவியலில் இதற்கு வழி திறந்தவர் பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக். 1927 ஆகஸ்டில், அட்சன் ஆற்றைப் படகில் கடக்கையில், எதிர்ப் பின்னூட்டம் என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது. பெருக்கியின் ஆற்றலில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தால் நிலைத்தன்மை கிட்டும். மொத்தப் பெருக்கத்தை இரு மின்தடைகளின் விகிதமே தீர்மானிக்கும். ‘செயல்பாட்டுப் பெருக்கி’ என்ற பெயரை 1947-இல் ஜான் ரகசினியும் குழுவினரும் தம் கட்டுரையில் வழங்கினர். கூட்டல், தொகையீடு முதலிய கணிதச் செயல்களை அது செய்ததே பெயர்க்காரணம்.

விகிதம் போதுமென்றாலும் அளவுக்கும் எல்லையுண்டு. மிக விரைந்தோ மிக மெதுவாகவோ படித்தால் செய்யுள் சிதைவதைப் போன்றதே இது. வெற்றிடக் குழல்களால் ஆன பழைய ஒப்புமைக் கணினிகளில் பத்து இலட்சம் ஓம் மின்தடை இயல்பாகப் புழங்கியது. குழலின் உள்ளீடு ஏறத்தாழ மின்னோட்டமே கொள்ளாது. 1968-இல் டேவ் ஃபுல்லாகர் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் வடிவமைத்த 741 சில்லோ டிரான்சிஸ்டரால் ஆனது. அதன் உள்ளீடு ஏறத்தாழ 80 நானோ ஆம்பியர் கொள்ளும். பின்னூட்ட மின்தடை பத்து இலட்சம் ஓம் என்றால் வெளியீட்டில் 80 மில்லிவோல்ட் பிழை நிற்கும். 100 கிலோ ஓம் என்றால் 8 மில்லிவோல்ட்தான். மறுபுறம், பின்னூட்டத்தில் 100 ஓம் வைத்து 10 வோல்ட் வெளியீடு கேட்டால் 100 மில்லி ஆம்பியர் தேவை. 741 தரவல்லதோ ஏறத்தாழ 25. இவ்விரு கரைகளுக்கு நடுவில்தான் நம் ஆய்வகத்தின் 10 கிலோவும் 100 கிலோவும் நிற்கின்றன.

இன்னொரு புதிர். நான்கு மடங்கு பெருக்கத்திற்கு 40 கிலோ ஓம் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் 39தான் கையில் வரும். 1870களில் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் சார்லசு ரெனார், பலூன் கயிறுகளின் எண்ணற்ற பருமன்களைப் பெருக்குத் தொடரால் சில வகைகளாகக் குறைத்தார். அவ்வழியில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1952-இல் மின்தடைகளுக்கும் தொடர் வகுத்தது. பத்திலிருந்து நூறு வரை பன்னிரண்டு படிகள்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. 27-இன் பத்து விழுக்காடு மேலெல்லை 29.7, 33-இன் கீழெல்லையும் 29.7. ஏறத்தாழ இடைவெளி விடாமல் அடுக்கிய வரிசை இது. இதற்குள்ளேயே 33-ஐயும் 8.2-ஐயும் இணைத்தால் நான்கு மடங்கு ஏறக்குறைய அமைந்துவிடும்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலுமே இடம்பெற்றன, மின்னணுவியல் இல்லை. கலைச்சொற்கள் நம்மிடம் உள்ளன. அச்சொற்களைக் கொண்டு ‘ஏன்’ என்பதை விளக்கும் உரைநடைதான் போதவில்லை. காரணம் தெரியாத எண் மனப்பாடமாகவே எஞ்சும். தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். ஒரு செய்யுளுக்கு உரை எழுதுவது போல ஒரு மின்சுற்றுக்கும் உரை எழுதத் தமிழால் முடியும். அதை எழுதவேண்டிய கடமை மின்னணுவியல் ஆசிரியர்களுக்கு மட்டுமன்று, தமிழ் கற்பிக்கும் நமக்கும் உண்டு.