கெடாக் கரையில் கருடன்

பினாங்குத் தீவு 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட்டின் கைக்கு வருமுன் கெடா அரசுக்கு உரியதாக இருந்தது. அக்கெடாவின் தோற்றத்தைக் கூறும் மலாய் நூல் ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’. அதன் தொடக்கத்திலேயே ஒரு கருடன் வருகிறது. ரோம் நாட்டு இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் நடக்கவிருந்த மணத்தைத் தடுப்பதாக அது சுலைமான் நபியிடம் சூளுரைக்கிறது. இளவரசியைக் கவர்ந்து இலங்காபுரித் தீவில் ஒளித்து வைக்கிறது. மெரோங் மகாவங்சா காவலாக வந்த கப்பல்களையும் வானிலிருந்து தாக்கி அழிக்கிறது. ஆயினும் இளவரசன் கடலில் மிதந்து அதே தீவில் கரையேறுகிறான், கருடன் தோற்கிறது. இலங்காபுரி இன்றைய லங்காவியே என்பர்.

மலாய்க் கதையில் கருடன் பெரும் பறவை. தமிழகக் கோயில்களிலும், 1911 முதல் தாய்லாந்தின் அரசு முத்திரையிலும் அதுவே சிறகு முளைத்த மனித உருவம். அத்தகைய உடல் பறக்க வல்லதா?

ஓர் உருவத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமான கானமயில் இனத்தவை 20 கிலோவை எட்டுவதே அரிது. 1680-இல் வெளிவந்த நூலில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி, பறவையின் மார்புத் தசையோடு மனிதனின் தசையை ஒப்பிட்டு, மனிதன் தன் வலிமையால் சிறகடித்துப் பறத்தல் இயலாது என்று முடிவு கட்டினார். எனினும் எடை மட்டுமே தடையன்று. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்னும் பறவை ஏறத்தாழ 70 கிலோ இருந்திருக்கும் எனக் கணித்துள்ளனர். ஒரு மனிதனின் எடை வானில் மிதந்திருக்கிறது. மனித வடிவத்துக்குத்தான் அது கூடவில்லை. 1979-இல் பிரையன் ஆலன் காலால் மிதித்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்திற்கு இறக்கையின் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர் வேண்டியிருந்தது. சிற்பி கருடனுக்கு அளித்த சிறகோ தோளிலிருந்து முழங்காலைத் தாண்டுவதில்லை.

பக்தர்களும் கருடனை எடையற்றவனாகக் கருதவில்லை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கல்கருடன் புறப்படும்போது முதலில் 4 பேர் தூக்குவர். பின்னர் அது 8, 16, 32 எனப் பெருகும். வெளியே வர வர எடை கூடுகிறது என்பது நம்பிக்கை. விண்ணில் பறப்பவன் மண்ணில் மிகக் கனத்தவன்.

பறக்க இயலாத கருடன் வருவதால் கெடா நூல் வெறுங்கதை ஆகிவிடுமா? பினாங்கை அடுத்த செபராங் பிறையில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் லோ அவ்வாறு ஒதுக்கவில்லை. 1849-இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1834-இல், அப்பகுதியில் புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் கல்வெட்டையும், 1845-இல் புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டையும் கண்டறிந்திருந்தார். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பழங்கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். கதையைத் தொடர்ந்து மண்ணும் பேசத் தொடங்கியது.

புத்தகுப்தனின் கல்வெட்டு ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. பயணம் இனிது நிறைவேறுக என வேண்டுவது. மலாக்கா நீரிணையில் ‘சுமத்திரா’ எனப்படும் சூறைக்காற்று திடீரென எழுந்து கலங்களை அலைக்கழிக்கும். வானிலிருந்து பாய்ந்து கப்பலைக் கவிழ்க்கும் கருடனை அக்கடலின் மாலுமிகள் எளிதில் நம்பியிருப்பர்.

கருடன் வங்கக் கடலைச் சிறகால் கடக்கவில்லை. பருவக் காற்றை நம்பிப் பாய் விரித்த வணிகரும் மாலுமிகளும் நெஞ்சில் சுமந்து வந்த கதையாகவே அது இக்கரையை அடைந்திருத்தல் வேண்டும். வந்த இடத்தில் சுலைமான் நபியோடும் சீன இளவரசியோடும் உறவு பூண்டு மலாய்க் கருடனாயிற்று. கெடா நூலில் வரலாற்றைத் தேடுவோர் கருடனை நீக்கிவிட்டுப் படித்தல் தகாது; அக்கடல்வழியின் வரலாறு அதன் சிறகிலும் பதிந்திருக்கிறது.