வேட்டைக்கு முன் வகுப்பறை: அமெரிக்காவில் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்புப் பயிற்சி

அமெரிக்காவில் இலையுதிர் காலம் மான் வேட்டைக்கான பருவம். ஆனால் துப்பாக்கி இருந்தால் மட்டும் அங்கு காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. வேட்டை உரிமம் கோரும் இளைஞர்களும் புதியவர்களும் முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். 50 மாநிலங்களிலும் இத்தகைய பயிற்சி நடத்தப்படுகிறது. ஒரு மாநிலத்தில் பெறும் சான்றிதழைப் பிற மாநிலங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை என்பதால், இப்படியொரு பாடத்திட்டம் இருப்பதே நம் வாசகர்களில் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அமெரிக்காவிலோ வேட்டை என்பது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றால் கட்டுப்படுத்தப்படும் சட்டபூர்வமான செயல்பாடு. அங்கு துப்பாக்கியுடன் காட்டுக்குச் செல்பவர்களில் சிறுவர்களும் உண்டு.

யாருக்குக் கட்டாயம்?

வயதைவிடப் பிறந்த தேதியே பல மாநிலங்களில் அளவுகோலாக உள்ளது. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும், விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும் பயிற்சி கட்டாயம். கொலராடோவில் இந்த எல்லை 1949 ஜனவரி 1. ஏற்கெனவே வேட்டையாடி வந்த மூத்த தலைமுறைக்கு விலக்களித்துவிட்டு, அடுத்து வருவோரை வகுப்பறைக்கு அனுப்புவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். எனவே கொலராடோவில் முதன்முறையாக உரிமம் கேட்கும் 60 வயதுக்காரரும் இந்த விதிக்கு உட்பட்டவரே. டெக்சாஸில் 9 வயது நிரம்பிய சிறுவர்கள் சான்றிதழ் பெறலாம்.

என்ன கற்பிக்கப்படுகிறது?

குறிபார்த்துச் சுடும் திறன் இப்பயிற்சியின் மையம் அன்று. எப்போது சுடக் கூடாது என்பதே பாடத்தின் பெரும்பகுதி. அடிப்படை விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். குழல் முனை எப்போதும் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க வேண்டும். இலக்கு எது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவது விதியே அதிக நேரம் விளக்கப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. மானை எதிர்பார்த்து மணிக்கணக்கில் காத்திருப்பவரின் கண்ணுக்குப் புதரில் ஏற்படும் சலசலப்பும் பழுப்பு நிற அசைவும் மானாகவே தோன்றும். சக வேட்டைக்காரரை விலங்கென எண்ணிச் சுட்ட நிகழ்வுகள் பலவற்றின் பின்னணி இதுதான். விலங்கின் முழு உருவமும் தெளிவாகத் தெரியாதவரை துப்பாக்கியை உயர்த்தவே கூடாது எனக் கற்பிக்கப்படுகிறது. இலக்கை அடையாளம் காண, துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியைப் பயன்படுத்தக் கூடாது. தனியாக ஒரு இருகண் தொலைநோக்கி வைத்திருக்க வேண்டும். காரணம் எளியது: துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே ஒரு மனிதரைப் பார்க்கும்போது, குழல் முனையும் அவரை நோக்கியே இருக்கும்.

உடையின் நிறமும் ஒரு பாடம். மான் வேட்டையின்போது ஒளிரும் ஆரஞ்சு நிற உடை பல மாநிலங்களில் கட்டாயம். மனிதக் கண்ணுக்கு உடனே புலப்படும் இந்த நிறத்தை மான்களால் அவ்வாறு பிரித்தறிய இயலாது. விஸ்கான்சினில் 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகிறது. வான்கோழி வேட்டையில் நிலைமை வேறு. ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் உள்ளதால், அந்த நிறங்களில் கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது என மாணவர்கள் எச்சரிக்கப்படுகின்றனர்.

தோட்டாக்களைக் கலந்து வைக்கும் ஆபத்தும் விளக்கப்படுகிறது. 12 கேஜ் ஷாட்கன்னில் தவறுதலாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டால், அது குழலுக்குள் நழுவிச் சென்று பார்வைக்குத் தெரியாமல் சிக்கிக்கொள்ளும். பின்னர் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் தயாரிக்கப்படுவது இதனால்தான்.

துப்பாக்கியால் நேராத விபத்துகளும் உண்டு. மரத்தில் அமைத்த பரணிலிருந்து விழுந்து காயமடைவோர் அதிகம். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை அணிந்தே ஏற வேண்டும். தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கயிறு கட்டிப் பின்னர் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கமும் நிதியும்

1949-இல் நியூயார்க் மாநிலம் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்கள் படிப்படியாகப் பின்பற்றின. நிதி, 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்திலிருந்து வருகிறது. வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் 11 சதவீத வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய சட்டம் இது. 1970-இல் செய்யப்பட்ட திருத்தம் கைத்துப்பாக்கிகள் மீது 10 சதவீத வரி விதித்ததுடன், வேட்டைப் பயிற்சிக்கும் நிதி வழங்க வழிசெய்தது. வகுப்புகளை நடத்துவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

பலன் குறித்து விஸ்கான்சின் மாநிலம் தரும் கணக்கு குறிப்பிடத்தக்கது. 1966-இல் அங்கு ஒரு லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் என்ற அளவில் துப்பாக்கி விபத்துகள் நேர்ந்தன. அடுத்த ஆண்டு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் இந்த விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துள்ளது. ஆரஞ்சு உடை விதிக்கும் இதில் பங்குண்டு என்பதால், முழுப் பெருமையையும் வகுப்பறைக்கு அளிக்க இயலாது.

2023-இல் இந்தப் பயிற்சி எதிர்பாராத சிக்கலைச் சந்தித்தது. டெக்சாஸ் மாநிலம் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆபத்தான ஆயுதப் பயிற்சிக்குப் பள்ளிக் கல்வி நிதியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பள்ளிகளில் நடைபெறும் வில்வித்தை, வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளுக்கும் இத்தடை பொருந்தும் எனக் கல்வித் துறை விளக்கமளித்தது. எதிர்ப்பு எழவே, அவ்வகுப்புகளுக்கு விலக்களிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 424-1 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதிபர் ஜோ பைடன் அக்டோபர் 6-இல் கையெழுத்திட்டார்.

தொடரும் விவாதம்

வகுப்பறையில் கட்டாயமாக அமர வேண்டும் என்ற நிலை தளர்ந்து வருகிறது. டெக்சாஸில் 17 வயது நிரம்பியோர் பயிற்சி முழுவதையும் இணையவழியிலேயே முடிக்கலாம். பயிற்சியின்றி ஒரு உரிம ஆண்டுக்கு மட்டும் வேட்டையாட ஒருமுறை விலக்கும் பெறலாம். உரிமம் பெற்ற ஒருவர் உடன் இருப்பது நிபந்தனை. புதியவர்களை ஈர்க்க இது தேவை என்பது ஒரு தரப்பு வாதம். ஆனால் தோட்டாவை நீக்கிய பின்னரே வேலியைத் தாண்டுவது, குழல் முனையைத் திருப்பிப் பிடிப்பது போன்றவை கையில் துப்பாக்கியுடன் பழக வேண்டியவை; திரையைப் பார்த்து மட்டும் அவை கைவருவது கடினம். சிறுவர்களைப் பொறுத்தவரை டெக்சாஸ் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. 17 வயதுக்குட்பட்டோர் இணையவழியில் பாடம் படித்தாலும், களப்பயிற்சிக்கு நேரில் வந்தாக வேண்டும்.