அன்ஹால்ட்டர் நிலையத்துப் புகை

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், ருமேனியாவின் வடகோடியில் இருந்த செர்னோவிட்ஸ் நகரிலிருந்து யூத மாணவர் ஒருவர் பிரான்சு நோக்கிப் புகைவண்டியில் புறப்பட்டார். பெயர் பால் ஆன்ட்ஷெல். பதினெட்டு வயது நிறைய இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பள்ளியிறுதித் தேர்வு அந்தக் கோடையில்தான் முடிந்திருந்தது. மருத்துவம் பயின்று திரும்புவது என்பது ஏற்பாடு. வழி போலந்தும் ஜெர்மனியும். சேருமிடம் லுவார் ஆற்றங்கரையிலுள்ள தூர் என்னும் நகரம்.

பிற்காலத்தில் பால் செலான் என்ற பெயரில் ஜெர்மன் கவிதையின் போக்கையே மாற்றியவர் இவர்தாம். செலான் என்றதும் மரணத்தின் இசைக்கோலமாக அமைந்த அந்தப் புகழ்பெற்ற கவிதையும், வதை முகாம்களும், 1970இல் சேன் ஆற்றில் மூழ்கி அவர் இறந்ததும் நினைவுக்கு வரும். மாணவப் பருவத்து அந்த ஓராண்டு பெரும்பாலும் முன்னுரைக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அவர் மருத்துவராகவில்லை, படிப்பும் முடியவில்லை, ஆகவே அது வீணான ஆண்டு என்று கருதுவது எளிது. ஆனால் அந்தப் பயணத்தின் ஒரு காலைப்பொழுது இருபத்தைந்து ஆண்டுகள் அவருக்குள் கிடந்து பின்னர் கவிதையாயிற்று.

செர்னோவிட்ஸ் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழைக்கோடியான புக்கோவினா மாநிலத்தின் தலைநகர். 1875இல் அங்கு நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஜெர்மனே பயிற்றுமொழி. ஜெர்மன், ருமேனியம், உக்ரேனியம், போலிஷ், இத்திஷ் என ஐந்து மொழிகள் கடைத்தெருவில் புழங்கிய ஊர். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். பேரரசு சிதறி, நகரம் ருமேனியாவின் கைக்கு மாறிய பின் 1920இல் பிறந்தவர் செலான். அரசின் மொழி மாறியும் அவ்வீட்டின் மொழி மாறவில்லை. தாயார் ஃப்ரீடெரிகே ஜெர்மன் இலக்கியத்தில் தோய்ந்தவர். மகன் ஊர்க் கொச்சை கலவாத ஜெர்மன் பேச வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். தந்தை லியோ சீயோனியப் பற்றாளர். அவருடைய வற்புறுத்தலால் மகன் சில ஆண்டுகள் எபிரேயப் பள்ளியில் பயின்றார். கட்டடப் பொறியியல் கற்றிருந்த அத்தந்தைக்குப் பிழைப்பாக அமைந்தது மரத்தரகு. மகனுக்காவது நிலையான தொழில் அமைய வேண்டும் என்று அவ்வீட்டில் நினைத்ததில் வியப்பில்லை.

உள்ளூரிலேயே பல்கலைக்கழகம் இருக்க, அயல்நாட்டுக்கு ஏன் போக வேண்டும்? ருமேனிய மருத்துவக் கல்விக்கூடங்களில் யூதர்களுக்கு இடம் மிகச் சுருங்கியிருந்தது. யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று 1920களிலிருந்தே அங்குப் பெரும்பான்மை மாணவர்களே கலகம் செய்து வந்தனர். 1938 ஜனவரியில் யூதர்களின் குடியுரிமையை மறு ஆய்வு செய்யும் ஆணை பிறந்தது. அதன் விளைவாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை இழந்தனர். செர்னோவிட்ஸ் யூதர்களின் பண்பாட்டுத் தலைநகரம் எப்போதும் வியன்னாவாகவே இருந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்ததும் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. எஞ்சியது பிரான்சு.

பிரான்சும் இருகரம் நீட்டி வரவேற்றுவிடவில்லை. 1933இல் இயற்றப்பட்ட சட்டம், பிரெஞ்சுக் குடிமகன் அல்லாதவர் அந்நாட்டில் மருத்துவத் தொழில் செய்வதைத் தடுத்தது. 1935இல் மருத்துவ மாணவர்கள் அயல்நாட்டாருக்கு எதிராக வேலைநிறுத்தமே நடத்தினர். படிக்கலாம், தொழில் செய்யக் கூடாது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதப் பிள்ளைகள் பலர் இதை அறிந்தேதான் வந்தனர். சொந்த நாட்டில் படிக்கவே இடம் இல்லாதவர்களுக்குப் படிப்பு மட்டுமாவது கிடைப்பதே பெரிதாக இருந்தது.

இனிப் பயணம். அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 7ஆம் நாள், பாரிசிலிருந்த ஜெர்மன் தூதரகத்தில் ஹெர்ஷல் கிரின்ஸ்பான் என்னும் பதினேழு வயது யூதச் சிறுவன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் அக்டோபர் இறுதியில் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். அவர்களுள் அவனுடைய பெற்றோரும் இருந்தனர். அதிகாரி 9ஆம் நாள் மாலை இறந்தார். அந்த மரணத்தைச் சாக்காக வைத்து அன்றிரவே ஜெர்மனியெங்கும் வெறியாட்டம் கட்டவிழ்த்துவிடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன அல்லது இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் பிடிக்கப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். உடைந்த கண்ணாடிகளின் இரவு என்று வரலாறு குறிக்கும் இரவு அது. தீயை வைத்தவர்கள் இருக்க, சிந்திய கண்ணாடிக்குப் பெயர் சூட்டியது ஒரு விசித்திரம்.

அந்த இரவு முழுவதும் செலான் வண்டியில் இருந்தார். கிராக்கோவ் வழியாக வந்து, 10ஆம் நாள் பெர்லினின் அன்ஹால்ட்டர் நிலையத்தை அடைந்தபோது நகரில் தொழுகைக்கூடங்களின் நெருப்பு இன்னும் அவியவில்லை. தாய் கற்பித்த மொழியின் தலைநகரை அந்த மாணவர் முதன்முதலாகக் கண்ட காலை அதுதான். ஒருவகையில் அது வீட்டுக்கு வந்தது போலவும் இருந்திருக்க வேண்டும்: பெயர்ப்பலகை முதல் பயணச்சீட்டுப் பரிசோதகரின் அதட்டல்வரை எல்லாமே தாய் பேசிய மொழி. அயல்நாட்டுக் கடவுச்சீட்டும் கையில் ஒரு பெட்டியுமாக, பெர்லின் யூதர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நேரத்தில், அவர் அந்நகரைக் கடந்து போனார்.

பாரிசில் அவரை வரவேற்க உறவு இருந்தது. தாய்மாமன் புரூனோ ஷ்ராகர் நடிகராகும் கனவோடு அங்கு வாழ்ந்துவந்தார். சில நாள் கழித்து மாணவர் தூர் சென்று, மருத்துவப் படிப்பின் ஆயத்த ஆண்டில் சேர்ந்தார். தம் ஊரிலிருந்தே வந்திருந்த வேறு சில மாணவர்களும் அங்கு இருந்தனர். பாடங்களைப் பழுதின்றிப் படித்தார். ஆனால் மனம் நாடியது பிரெஞ்சுக் கவிதையை. மிகையதார்த்தக் கவிஞர்கள் எழுந்த நாட்டில், அவர்களுடைய மொழியிலேயே அவர்களை நெருங்கிப் படிக்க வாய்த்தது அப்போதுதான். பிற்காலத்தில் ரம்போவையும் வலேரியையும் ரெனே ஷாரையும் ஜெர்மனில் மொழிபெயர்த்த கைக்கு மொழிப் பயிற்சி தந்தவற்றுள் இந்த ஓராண்டும் ஒன்று.

1939 கோடை விடுமுறையில் ஊர் திரும்பினார். விடுமுறை முடிந்ததும் மறுபடி போவதாகத்தான் இருந்தது. செப்டம்பர் 1ஆம் நாள் போர் மூண்டது, வழி அடைபட்டது. செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதலிய ரொமான்ஸ் மொழிகளின் இயலில் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பாரோ என்று எண்ணத் தோன்றும். திரும்பாமல் பாரிசிலேயே இருந்த தாய்மாமன் ஆஷ்விட்ஸில் மாண்டார். அந்த ஆண்டுகளில் ஓர் யூதருக்குச் சரியான திசை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

1940இல் சோவியத் படை வந்தது. செலான் ருஷ்ய மொழி கற்றார். 1941 ஜூலையில் ருமேனியப் படையும் ஜெர்மன் படையும் வந்தன. வந்த சில நாட்களிலேயே நகரின் பெருந்தொழுகைக்கூடம் கொளுத்தப்பட்டது. பெர்லினில் கடந்துபோன நெருப்பு மூன்றாண்டுக்குள் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது. 1942 ஜூனில் பெற்றோர் பிடித்துச் செல்லப்பட்டு, உக்ரேனில் பூக் ஆற்றுக்கு அப்பாலிருந்த முகாமில் அடைக்கப்பட்டனர். தந்தை அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இறந்தார். அதனை அடுத்த குளிர்காலத்தில், வேலைக்கு ஆகமாட்டார் என்று தாய் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் அப்போது ருமேனியக் கட்டாய உழைப்பு முகாமில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் கவிதைகளும் எழுதிவந்தார், தாயின் மொழியிலேயே.

1944இல் செர்னோவிட்ஸ் மீண்டும் சோவியத் ஆட்சிக்குள் வந்தபோது, உயிரோடு திரும்பியிருந்த இளைஞர்களைப் படையில் சேர்க்கும் ஆபத்து நெருங்கியது. செலான் மனநோய் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து அதிலிருந்து தப்பினார். ஓராண்டு மருத்துவம் படித்தவர் என்ற தகுதி அவருடைய வாழ்வில் பயன்பட்ட ஒரே இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பின்னர் புக்காரெஸ்ட், அங்கு ஆன்ட்ஷெல் என்ற பெயரின் ருமேனிய எழுத்து வடிவத்தை முன்பின்னாக மாற்றிச் செலான் ஆனார். 1947 டிசம்பரில் வியன்னா, 1948 ஜூலையில் பாரிஸ். இம்முறையும் மாணவராகவே வந்தார். சோர்போனில் ஜெர்மன் மொழியும் மொழியியலும் படித்து 1950இல் பட்டம் பெற்றார். தாய்மாமன் வாழ்ந்த அதே வட்டாரத்தில், எகோல் தெருவில், ஒரு விடுதி அறையில் குடியிருந்தார். பதினெட்டு வயதில் வந்த நகருக்கு இருபத்தேழு வயதில் திரும்பியபோது, அப்போது வழியனுப்பியவர்களும் இல்லை, வரவேற்றவரும் இல்லை.

1960இல் பியூக்னர் பரிசைப் பெற்றபோது ஆற்றிய உரையில், ஒவ்வொரு கவிதைக்குள்ளும் ஒரு தேதி பொறிக்கப்பட்டிருப்பதைப் பற்றிச் செலான் பேசினார். அவர் அங்கு எடுத்துக்காட்டிய தேதி ஜனவரி 20. பியூக்னரின் கதை ஒன்றில் லென்ஸ் என்னும் கவிஞன் மலைவழியே நடந்து போகும் நாள் அது. யூதர்களை அடியோடு அழிக்கும் திட்டத்தை வான்சே மாளிகையில் அதிகாரிகள் 1942இல் கூடிப் பேசிய நாளும் அதுவே. அவருடைய சொந்தத் தேதிகளுள் நவம்பர் 10க்கு முதன்மையான இடம் உண்டு என்பதை 1963இல் வெளிவந்த அவருடைய தொகுதி காட்டியது. அதிலுள்ள 'லா கோந்த்ரெஸ்கார்ப்' என்னும் கவிதை, பாரிசில் அவர் ஆசிரியராகப் பணியாற்றிய கல்விக்கூடத்துக்கு அருகிலுள்ள ஒரு சதுக்கத்தின் பெயர் கொண்டது. கிராக்கோவும் அன்ஹால்ட்டர் நிலையமும் அக்கவிதையில் வருகின்றன. கூடவே ஒரு புகையும் வருகிறது.

கவிஞர் அங்கு 'நான்' என்று சொல்லவில்லை. அந்தப் பழைய மாணவரை 'நீ' என்று விளிக்கிறார். அந்த விளியில்தான் கவிதையின் நேர்மை இருக்கிறது. புகையைக் கண்டவர் ஒருவர். அது என்ன புகை என்று அறிந்தவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் இருபத்தைந்து ஆண்டுகளும் ஆறு மில்லியன் மரணங்களும் இருக்கின்றன. பின்னால் வந்த அறிவை முன்னால் நடந்த காட்சியில் ஏற்றிவிட்டார் என்று குறை சொல்ல முடியாதபடி, பிரதிப்பெயர் ஒன்றே அந்த இடைவெளியைக் காத்து நிற்கிறது. அது இழுபொறியின் புகையா, எரிந்த கூரைகளின் புகையா, ஆஷ்விட்ஸின் புகையா என்று பிரித்துக் கேட்பவருக்கு விடை கிடைக்காது. தமிழில் அந்த வண்டியின் பெயருக்குள்ளேயே புகை இருக்கிறது. இந்தக் கவிதையைத் தமிழாக்க முயல்பவருக்கு அது உதவியாகவும் இடையூறாகவும் அமையலாம்.

1942 ஜூனிலிருந்து, அதாவது செலானின் பெற்றோர் பிடிபட்ட அதே மாதத்திலிருந்து, பெர்லினின் முதிய யூதர்கள் அன்ஹால்ட்டர் நிலையத்தின் வழியாகத்தான் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வழக்கமான காலை வண்டிகளில் இணைக்கப்பட்ட பெட்டிகளில், 9,000க்கும் மேற்பட்டோர். போரின் இறுதியில் குண்டுவீச்சில் நிலையம் சிதைந்தது. மிஞ்சியதும் பின்னர் இடித்து அகற்றப்பட்டது. கவிதை அச்சேறிய 1963இல் அங்கு நின்றது முகப்பின் ஒரு துண்டுச் சுவர் மட்டுமே.