ஒருவழி ஒலியும் இருவழி ஒலியும்

திருவிழாக் காலத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் நிற்கும் ஒருவர் கண்களை மூடிக்கொண்டாலும், மேளம் எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்பதைப் பிசகின்றிச் சொல்லிவிடுவார். மனிதனுக்கு இரு செவிகள் அமைந்தமையே இதற்குக் காரணம். இடப்புறத்தில் எழும் ஓசை இடச்செவியை முதலில் அடைகின்றது. வலச்செவியை அடைவதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் பிந்துகின்றது. அன்றியும், தலை இடையே மறைப்பதால் உச்சத் தொனிகள் அச்செவியிற் சற்று மெலிந்து கேட்கின்றன. இவ்விரு வேறுபாடுகளையுங் கொண்டே மூளை திசையை உணர்கின்றது என்பதை ஆங்கில அறிஞர் இரேலிப் பிரபு 1907இல் விளக்கினார். ஒலிப்பதிவுக் கலையோ நெடுங்காலம் ஒற்றைச் செவியுடனேயே வாழ்ந்தது.

எடிசன் 1877இல் அமைத்த கருவி ஒலியை ஒரே வழியிற் பதிந்தது. கிராமபோன் கம்பனியின் பதிவாளர் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்தபோதும் நிலைமை அதுவே. கொழும்பில் 1925 திசெம்பர் 16இல் தொடங்கிய வானொலியும், பின்னர் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்று யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைத்த மத்திய அலை ஒலிபரப்பும், ஒரே ஒலிவழியை உடையனவே. இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர் மயிலைக் கற்பகாம்பாள்மீது இயற்றி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’ப் பாடலைக் கடல் இருபுறத்து மக்களும் உளமுருகிக் கேட்டது ஒற்றை ஒலிபெருக்கியின் வாயிலாகத்தான். அதனால் அவர்களுக்கு யாதொரு குறையும் தோன்றவில்லை. பாடுபவர் ஒருவர், வாய் ஒன்று, ஒலி பிறக்கும் இடமும் ஒன்றே அன்றோ!

இரு வழிகளில் ஒலியை அனுப்பும் எண்ணமும் புதியதன்று. 1881இல் பாரிஸ் மின்னியற் கண்காட்சியில், கிளெமென் அதேர் என்பார் இசை நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, தொலைவிலிருந்தோர் காதுக்கொன்றாக இரு தொலைபேசிக் குழல்களைப் பொருத்திக் கேட்கச் செய்தார். நடிகர் மேடையில் நடந்து செல்வது செவிக்குத் தெரிந்ததாம். எனினும் அது கண்காட்சி வியப்பாகவே நின்றுவிட்டது. அதனை முறையான கலையாக்கியவர் அலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1931 திசெம்பரில் அவர் பதிந்த காப்புரிமை, இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இருவேறு ஒலிகளைச் செதுக்கும் வழியை வகுத்தது. 1942இல், ராடார்ச் சோதனைக்காகப் பறந்த விமானம் வீழ்ந்து அவர் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 38. இருவழி இசைத்தட்டுகள் 1958இல் கடைகளுக்கு வந்ததை அவர் காணவில்லை.

யாழ்ப்பாணத்து இசைக்கு இதனால் என்ன பயன் என்று வினவுவோர் தவிலை நினைத்துப் பார்த்தல் தகும். தவிலுக்கு இரு முகங்கள். வலந்தலையை விரல்களிற் கூடு அணிந்த கை வாசிக்கின்றது; இடந்தலையைக் கழி முழக்குகின்றது. ஒலிவாங்கி ஒன்றை எதிரே வைத்துப் பதிந்தால் இரண்டும் ஒரு புள்ளியிற் குவிந்துவிடும். ஆயினும் ஒலியின் தன்மையே வேறாதலால் தேர்ந்த காது அவற்றைப் பிரித்தறியும். உண்மையான இழப்பு அங்கன்று. இரு தவில் வித்துவான்கள் அருகருகே அமர்ந்து, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்து, கேள்வியும் விடையுமாக வாசிக்கும் தனியாவர்த்தனத்தை எடுத்துக்கொள்க. வீதியில் நின்றவருக்கு இவர் வாசிப்பு இப்பக்கம், அவர் வாசிப்பு அப்பக்கம். ஒருவழிப் பதிவிலோ இருவரும் ஒரே இடத்திலிருந்து பேசுவர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) மற்றொரு பெரும் வித்துவானுடன் சேர்ந்து வாசித்ததைப் பழைய ஒருவழி ஒலிநாடாவில் கேட்கும் இளைஞர், எது எவர் கை என்று திகைப்பதற்கு இதுவே காரணம். அவர் ஞானக்குறைவு மாத்திரமன்று.

ஆனால், இருவழி வந்துவிட்டதென்று தனிக்குரலையும் இரண்டாகப் பிளக்க முற்படுதல் பேதைமையாகும். குரலை ஓர் ஒலிவாங்கியால் ஒருவழியிலே பதிந்து, பின்னர் இரு ஒலிபெருக்கிகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால், பாடுபவர் நடுவில் நிற்பதாகவே கேட்பவர் உணர்வார். ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூட்டி மறுபக்கத்துக்குக் குறைத்தால் குரல் அப்பக்கம் நகரும். இங்ஙனம் நகர்த்துதலையே ‘பானிங்’ என்பர். 1940இல் வெளிவந்த ‘பன்டேசியா’ திரைப்படத்துக்காக வால்ட் டிஸ்னியின் பொறியியலாளர்கள் இதற்கெனவே ஒரு குமிழை ஆக்கினர். குரல் நடுவில் நிற்கும்போது இரு பக்கத்து ஒலியும் சேர்ந்து ஓங்காதபடி, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 3 டெசிபல் தணிப்பது அக்குமிழின் வழக்கம். 1963இல் பீட்டில்ஸ் குழுவினரின் முதல் இசைத்தட்டு இருவழிப் பதிப்பாக வந்தபோது குரல் முழுவதும் வலப்புறமாகவும் வாத்தியங்கள் இடப்புறமாகவும் ஒதுங்கி நின்றன. ஒருவழித் தட்டுக்காக இரு தடங்களிற் பதிந்ததை அப்படியே பிரித்து விற்றதன் விளைவு அது. ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்பது எவருக்கும் உவப்பாயிராது.

பலர் சேர்ந்து பாடுமிடத்து நியாயம் வேறு. மார்கழி வைகறையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வரும் கூட்டம் இரு பிரிவாகப் பாடுமாயின், ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் நிறுத்துதல் பொருத்தமே. ஒன்றை மாத்திரம் பதிவாளர் மறத்தலாகாது: கோயில் வீதியிற் கட்டும் புனல் ஒலிபெருக்கிகள் ஒருவழியின. இடத்தையும் வலத்தையும் கூட்டி அவற்றுக்கு அனுப்புங்கால், ஒரே குரல் இரு வழிகளிலும் அலைமாறி எதிரெதிராக அமைந்திருந்தால், ஒன்றையொன்று அழித்துக் குரல் முற்றாக மறைந்துபோம்; தவில் மாத்திரம் மிஞ்சும். கூட்டாது இட வழியை மட்டும் எடுத்து அனுப்பினாலோ, பாடுவோரிற் பாதிப்பேர் வீதிக்கு வராமலே போய்விடுவர்.

1990களில் மின்சாரமின்றி, பற்றரியும் கிடையாதபோது, குடாநாட்டு மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் பாட்டும் கேட்டனர். அவர்கட்கு ஒற்றை ஒலிபெருக்கியே பெருஞ்செல்வம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்தபோது, பொட்டணங்களில் ஒலிநாடாச் சுருளுக்கு இடம் கிடைத்திருத்தல் அரிது. ஆதலின் எஞ்சியவற்றைக் கணினிக்கு மாற்றுவோர் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். வீட்டுக் கருவிகளிற் பதிந்த பழைய ஒருவழிச் சுருளில், நாடாவின் மேற்பாதியில் ஒரு நிகழ்ச்சியும், சுருளைத் திருப்பிப்போட்டுக் கீழ்ப்பாதியில் வேறொரு நிகழ்ச்சியும் இருப்பதுண்டு. அதனை இருவழிக் கருவியில் ஓட்டினால் ஒரு காதில் கச்சேரி நேராகவும், மறு காதில் மற்றது பின்முன்னாகவும் ஒலிக்கும். நாடா பழுதாயிற்றென்று அதனை எறிந்துவிடலாகாது. இரு வழிகளையும் வெவ்வேறாகப் பிரித்து, இரண்டாவதைக் கணினியில் திருப்பிவிட்டால் இரு நிகழ்ச்சிகளும் முழுமையாகக் கிடைக்கும்.