ஓய்வூதியக் கிளையும் பராமரிப்புக் கிளையும்: மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கான உதவித்தொகை வந்த வழி

தமிழ்நாட்டின் சமூகப் பாதுகாப்பு வரலாற்றை எழுதப் புகும் எவரும் எஸ். குகனைக் கடக்காமல் போக முடியாது. தமிழக அரசின் நிதிச் செயலாளராக இருந்து, பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். தமிழகம் 1989-இல் எடுத்த முன்முயற்சிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வும், 1994-இல் வளரும் நாடுகளின் சமூகப் பாதுகாப்பு பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையும் இத்துறையின் அடிப்படை நூல்கள். மேலைநாட்டுக் காப்பீட்டு முறையை அப்படியே இங்கே நட முடியாது என்று சொல்லி, சமூகப் பாதுகாப்பை மேம்படுத்துபவை, தடுப்பவை, காப்பவை என்று மூன்று அடுக்காக அவர் பிரித்தார். அந்தப் பிரிப்பு இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான மாத உதவி மூன்றாவதான காக்கும் அடுக்கில் அமர்கிறது.

இந்த வாசிப்பு வயது வந்தவர்களுக்குப் பொருந்தும், குழந்தைகளுக்குப் பொருந்தாது. மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோருக்குக் கிடைக்கும் தொகையை ஓய்வூதிய மரத்தின் கடைசிக் கிளையாகப் பார்க்கும் வழக்கம் குகனைப் பின்பற்றியவர்களிடம் வேரூன்றிவிட்டது. அது தவறு என்பதே என் வாதம். அந்தத் தொகை வேறு மரத்தில் முளைத்தது. இதைச் சரியாகப் பார்க்காததால்தான் அதன் அளவை எதை வைத்து முடிவு செய்வது என்ற கேள்வி இன்றுவரை எழவே இல்லை.

ஓய்வூதியக் கிளையின் காலவரிசை பலரும் அறிந்தது; சுருக்கமாகவே சொல்கிறேன். 1962 ஏப்ரல் 1-இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கு 1974-இலும், கைம்பெண்களுக்கு 1975-இலும், விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981-இலும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-இலும் அது விரிந்தது. நடுவண் அரசு 1995 ஆகஸ்ட் 15-இல் தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதில் முதியோர் ஓய்வூதியம், குடும்ப நல உதவி, மகப்பேற்று உதவி என்ற மூன்று மட்டுமே இருந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியம் 2009-இல்தான் வந்தது. கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம், குறைந்தபட்சம் 18 வயது என்பவை அதன் நிபந்தனைகள். நடுவண் அரசின் பங்கு முதலில் 200 ரூபாய், பின்னர் 300 ரூபாய்.

இந்த வரிசை முழுவதையும் இணைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: உழைக்க இயலாதவர், தாங்கிப்பிடிக்க ஆளில்லாதவர். 1974-இன் திட்டப் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்ற அடைமொழி இருக்கிறது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூளை முடக்குவாதம் என்று கொள்வோம். அவனுக்கு அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவன் ஆதரவற்றவன் அல்ல. அவன் சம்பாதித்து இழந்த வருமானமும் எதுவுமில்லை. 2009-இன் 18 வயது வரம்பு இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஆகவே 1962-இல் தொடங்கிய கோட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தாலும் இந்தச் சிறுவனின் வீட்டுக்கு வந்து சேர முடியாது.

குகனுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஏழை நாட்டில் ஓய்வூதியம் கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று பேசப்பட்ட காலத்தில், கட்டுபடியாகும் என்று நிறுவ எழுதியவர் அவர். குறைந்த தொகை, தெளிவான பயனாளி, எளிய நிர்வாகம் என்ற வரம்புக்குள் நின்று வாதாடியதால்தான் அந்த வாதம் வென்றது. 1995-இன் திட்டத்தில் அந்தச் சிந்தனையின் சாயலைக் காணலாம். ஆனால் வென்ற வாதத்தின் வரம்பே பின்வந்தவர்களுக்குப் பார்வையின் வரம்பாகிவிட்டது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது, உழைத்துக்கொண்டிருக்கும்போது, குழந்தையின் குறைபாட்டால் வீட்டில் ஏறும் செலவுக்கு அவருடைய மூன்று அடுக்கில் இடமில்லை. அது வருமான இழப்பை ஈடுகட்டும் காப்பும் அல்ல, வேலைவாய்ப்பை உயர்த்தும் மேம்பாடும் அல்ல.

இனி என் தரப்பு. தமிழ்நாட்டில் இன்று ஒரு குழந்தைக்காகப் பெற்றோர் வாங்குவது ஓய்வூதியம் அன்று. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உள்ளோர், 75 விழுக்காடும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் இதன் பழைய பயனாளிப் பிரிவுகள். முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவை பின்னால் சேர்ந்தன. 2011-இல் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகி, பிறகு 1,500 ஆகி, இப்போது 2,000 ரூபாயில் நிற்கிறது.

இந்தப் பிரிவுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தசைகள் தளரும் சிறுவனையும் தொழுநோயிலிருந்து மீண்ட முதியவரையும் ஒரே பட்டியலில் சேர்த்ததற்கு மருத்துவம் காரணமாக இருக்க முடியாது. உழைக்க இயலாமையும் காரணமன்று. அப்படியானால் பார்வையற்றவர் பலர் பட்டியலின் முதலில் இருந்திருப்பார்கள். இவர்களுக்குப் பொதுவானது ஒன்றே: ஒருகாலத்தில் இவர்களுக்கென அரசோ அறநிறுவனங்களோ இல்லங்கள் நடத்தின. தொழுநோயாளிகளுக்கு 1970-களில் பரனூர் முதலிய இடங்களில் மறுவாழ்வு இல்லங்கள் எழுந்தன. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் காப்பகங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இல்லத்தில் வைத்துப் பேண வேண்டியவரை வீட்டிலேயே வைத்துப் பேணும் குடும்பத்துக்கு, இல்லத்தில் ஆகும் சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கை நீட்டுவதுதான் பராமரிப்பு உதவித்தொகையின் தர்க்கம் என்று நான் கருதுகிறேன். இதை நேரடியாகச் சொல்லும் அரசாணை எதையும் சான்றாக வைக்கவில்லை. பட்டியலின் அமைப்பிலிருந்து பெறும் ஊகம் இது. ஆனாலும் வலுவான ஊகம். ஓய்வூதியக் கோட்பாட்டால் இந்தப் பட்டியலை விளக்கவே முடியாது, இல்லக் கோட்பாட்டால் முழுமையாக விளக்க முடியும்.

நிர்வாகத்திலும் இரண்டு கிளைகளும் தனித்தனியாகவே ஓடுகின்றன. கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில் இருப்பவருக்கு இது காலால் தெரியும். முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. மனு கொடுக்க உள்ளூர் தாசில்தார் அலுவலகம் போதும். பராமரிப்புத் தொகையைத் தரும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் சுமார் 60 கி.மீ. தள்ளிக் கடலூரில் இருக்கிறது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அச்சில் வார்த்த பொம்மையின் விளிம்பைச் சீவியும் வண்ணம் தீட்டியும் உருப்படிக் கூலி பெறும் ஒரு தாய்க்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூர் போய்வருவது என்றால் அன்றைய கூலி போயிற்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை என்ற 2021-இன் சலுகை மிக நல்லது. துணைக்கு வரும் பெற்றோரையும் அரசின் கண் கண்டது என்பதற்கு அது சான்று. ஆனால் விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கு நகரப் பேருந்தில் போக முடியாது.

இரு கிளைகள் என்பதற்கு மிகத் தெளிவான சான்றை 2023-இல் அரசே தந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதற்கு முன் ஜூலையில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில், முதியோர், கைம்பெண் போன்ற சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோர் குடும்பங்கள் தகுதியிழந்தன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகை பெறுபவர் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு தரப்பட்டது. விதிமுறைகள் பின்னர் தளர்ந்தன என்பது வேறு விஷயம். முதலில் எழுதியபோது அரசின் மனத்தில் ஓய்வூதியம் ஒருவகை வருமானமாகவும், பராமரிப்புத் தொகை செலவுக்கான ஈடாகவும் இருந்தன. குகனைப் பின்பற்றியவர்கள் ஒன்றாக்கியதைக் கோப்பு எழுதிய அதிகாரிகள் பிரித்தே வைத்திருந்தார்கள்.

இங்கே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மூலம் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. இந்தியா 2007-இல் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 28-ஆவது உறுப்பு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமன்றி அவர்களுடைய குடும்பங்களுக்கும், குறைபாட்டால் ஏற்படும் செலவுகளுக்காக அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. நிதி உதவியோடு, பராமரிப்பவருக்குச் சற்று ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நம் 24-ஆவது பிரிவில் திட்டங்கள் எல்லாம் மாற்றுத்திறனாளி என்ற தனியாளை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. உடன்படிக்கையில் இருந்த குடும்பமும் செலவும் இங்கே இல்லை. ஓய்வூதியம், வேலையில்லாக் காலப் படி, காப்பீடு ஆகியவை இருக்கின்றன. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படி ஒன்றுதான் குடும்பத்தை நெருங்குகிறது. சட்டத்தின் வரையறைப் பகுதி, ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனிக்கும் பெற்றோரையும் பராமரிப்பாளர் என்றே சேர்த்துக்கொள்கிறது. அந்த வரையறையும் இந்தப் படியும் சேர்ந்துதான் ஒரு தாய்க்கு இச்சட்டம் தரும் ஒரே பிடி. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் பராமரிப்பவருக்கே மாத உதவி வழங்கத் தொடங்கியது இச்சட்டத்துக்கும் முன்பே. தமிழ்நாட்டிலும் உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு உதவியாளர் படியாக 1,000 ரூபாய் தரும் ஏற்பாடு அண்மையில் வந்திருக்கிறது.

அதே 24-ஆவது பிரிவின் வரம்புரை இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் உதவி, மற்றவர்களுக்கான அதையொத்த திட்டத்தின் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது. 2023-இல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆயிற்று. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,000-லிருந்து 1,500 ஆயிற்று. 1,200-இன் மேல் 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சட்டத்தின் கணக்கு ஓய்வூதியக் கிளையில் வேலை செய்யும் என்பது மட்டும் உறுதி. காரணம், அங்கே ஒப்பிட ஒரு 'மற்றவர்' இருக்கிறார்.

பராமரிப்புக் கிளையில் அந்த மற்றவர் யார்? குறைபாடில்லாத குழந்தையின் பெற்றோருக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தரும் திட்டம் தமிழகத்தில் இல்லை. எனவே 25 விழுக்காட்டை எதன்மேல் கூட்டுவது? வரம்புரை இங்கே பொருளற்றுப் போகிறது. 2,000 என்ற எண் எந்தச் செலவுக் கணக்கிலிருந்தும் வரவில்லை. முந்தைய எண்ணிலிருந்து வந்தது. வலிப்பு மருந்து, டயப்பர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பிள்ளை வளர வளர மறுபடி மறுபடி அளவெடுத்துச் செய்ய வேண்டிய காலிப்பர், பயணம், தாயின் இழந்த கூலி ஆகியவற்றை மாதக் கணக்காகக் கூட்டிப் பார்த்து நிர்ணயித்த தொகையாக அதைக் கொள்ள இடமில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வெளிநாட்டுச் சான்று. 'நீதியின் கருத்து' என்ற தம் 2009-ஆம் ஆண்டு நூலில் அமர்த்தியா சென், வீப்கே குக்லிஸ் பிரிட்டனைப் பற்றிச் செய்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். மக்களில் 17.9 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழான வருமானம் கொண்ட குடும்பங்களில் இருந்தனர். மாற்றுத்திறனாளி உறுப்பினர் உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்தால் அது 23.1. குறைபாட்டால் கூடும் செலவையும் கணக்கில் சேர்த்தால் 47.4. வருமானக் குறைவு ஏற்படுத்தும் வேறுபாடு ஐந்து புள்ளி; செலவு ஏற்படுத்துவது இருபத்து நான்கு புள்ளி. குகனின் மூன்று அடுக்கு பார்த்தது அந்த ஐந்தை. விருத்தாசலத்துக்கு இந்த எண்களை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் பெரிய பங்கு செலவுப் பக்கமே இருக்கிறது என்பதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இலவச மருத்துவச் சேவை உள்ள பிரிட்டனிலேயே நிலைமை இது.

மூன்றாவது கிளை ஒன்றும் உண்டு. சுருக்கமாகக் குறிப்பிட்டு விடுகிறேன்: பெற்றோர் இறந்த பின் கிடைக்கும் உதவி. 1995-இன் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமாக முழுக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பின்றிப் பிள்ளைகள் ஓய்வூதியம் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு ஆண்டுக்கு 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடாயின் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அதன்கீழ் எடுக்கும் காப்பீட்டுத் திட்டத்தின் பணம், பெற்றோர் இறந்தால்தான் பிள்ளைக்கு வரும் என்றிருந்தது. 2019-இல் ரவி அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபரிசீலிக்கச் சொன்னது. 2022-இல்தான் பெற்றோர் 60 வயதை எட்டியதும் பணம் வர வழி திறந்தது. வரி கட்டும் வருமானமே இல்லாத பட்டறைத் தொழிலாளிக்கு இந்தக் கழிவால் ஒரு காசும் பயனில்லை.

பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, செலவு என்ற அடிப்படையில், அவர்கள் கையில் தருவது உலகில் புதிதல்ல. தாலிடோமைடு மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான போராட்டத்தை ஒட்டி பிரிட்டனில் 1973-இல் குடும்ப நிதியம் பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் 18 வயதுக்குட்பட்ட, கடுமையான குறைபாடுள்ள குழந்தையைக் கவனிப்பவருக்கென்றே தனி மானியம் இருக்கிறது; அதன் தொகை ஏறத்தாழ முதியோர் மானியத்துக்கு இணை. 

பராமரிப்பு உதவித்தொகை தமிழகத்தில் எந்த ஆண்டில், எந்த ஆணையால் முதன்முதலில் குழந்தைகளைத் தொட்டது என்பது இன்னும் தீராத கேள்வி. தேதியைப் பற்றி நான் வலியுறுத்தவில்லை, வழியைப் பற்றியே வலியுறுத்துகிறேன். கடலூர் மாவட்டம் 1993 வரை தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்ததால் பழைய கோப்புகள் இரு மாவட்டத் தலைநகரங்களுக்கிடையே சிதறியிருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெட்டிகளில் பழைய ஒப்பளிப்பு ஆணையோ மணியார்டர் துண்டோ வைத்திருக்கும் பெற்றோர் அவற்றைக் குப்பையில் போட வேண்டாம். நகலெடுத்து மாவட்ட நல அலுவலகத்திலோ சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பியுங்கள். அரசுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்குப் போகும் கணக்கெடுப்பில், குழந்தைக்காக மாதம் என்ன செலவாகிறது என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். அடுத்த முறை தொகையை உயர்த்தும்போது அந்தப் பதில்களிலிருந்து உயர்த்துங்கள்.