மாரிகாலத்துத் திருக்கோணமலை



திருக்கோணமலைக்கு உல்லாசப் பிரயாணம் செய்வோர் பெரும்பாலும் சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களையே நாடுகின்றனர். அம்மாதங்களில் நிலாவெளிக் கடல் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகு போகும். விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. விடுதிகளின் வாடகை குறைகின்றது. சில விடுதிகள் கதவடைத்தும் விடுகின்றன. “பருவம் முடிந்துவிட்டது” என்று சொல்லிவிடுகின்றனர்.

ஆனால், ஆனியிலும் ஆடியிலும் எல்லோருக்கும் ஓய்வு வாய்ப்பதில்லை. மார்கழியிலோ தையிலோதான் விடுமுறை என்றிருக்கும் கணவனும் மனைவியும், தம் மோட்டார் வண்டியில் ஐந்தாறு நாள் திருக்கோணமலைப் பகுதிக்குச் சென்று வரலாமா என்று எண்ணுவதுண்டு. செல்லலாமா? செல்வதாயின் எவ்வாறு செல்லலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்கின்றது. ஏனெனில், பருவமல்லாத காலம் என்று நாம் ஒதுக்கிவிடும் அந்த மாதங்களே திருக்கோணமலையை உலகறியச் செய்த மாதங்கள்.

இலங்கையின் மழையை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கொழும்பு, காலி முதலிய மேற்குப் பகுதிகளை நனைத்துவிட்டு, மலைநாட்டைத் தாண்டிக் கிழக்கே வரும்போது ஈரம் இழந்து வெப்பக்காற்றாகிவிடுகின்றது. கிழக்கிலங்கை மக்கள் அதனைக் கச்சான் என்பர். மாரிகாலத்து வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடையே கிழக்குக் கரைக்கு மழை தருவது. திருக்கோணமலையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது.

மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் அக்கரை மீனவர் பலர் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, இங்கே கடல் பெருகுமுன் ஊர் திரும்புவது நெடுங்கால வழக்கம். உல்லாசப் பிரயாணிகள் இன்று கைக்கொள்ளும் காலக்கணக்கு மீனவரின் அந்தப் பழைய கணக்கேயாகும். பாய்க்கப்பல்களின் கணக்கோ இதற்கு நேர்மாறானது.

சென்னை, மசூலிப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரைப் பட்டினங்களில் அக்காலத்தில் காப்புள்ள துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் அலையைக் கிழித்துச் சென்று பண்டங்களை ஏற்றி இறக்கின. ஐப்பசியில் புயல் எழுந்தால் அக்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. 1746ஆம் ஆண்டு செப்டெம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, வெற்றிக் களிப்பு ஆறுமுன்னரே ஒக்டோபர்ப் புயலொன்றில் தம் கப்பல்கள் பலவற்றை இழந்தார். பகைவரால் ஆகாததைக் காற்று செய்துவிட்டது.

இத்தகைய கரைக்கு அண்மையிலே, குன்றுகளாற் சூழப்பட்டு, ஆழமும் விரிவும் உடையதாய், எக்காற்றுக்கும் அசையாத உட்துறை ஒன்று இருக்குமானால், அதன் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வுட்துறையே திருக்கோணமலை. வாடையின் கொடுமை எவ்வளவு மிகுந்ததோ, அவ்வளவுக்கு இத்துறையின் விலையும் மிகுந்தது.

காற்றினாலே இப்பகுதிக்குத் தள்ளப்பட்டவர்களுள் பெயர் பெற்றவர் றொபேட் நொக்ஸ். அவர் தந்தையார் தலைவராயிருந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்தது. புதிய மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் பலரையும் சிறைப்பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசென்றனர். தந்தை அங்கேயே இறந்தார். மகன் 1679இல், ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அக்காலத்துக் கண்டி இராச்சியத்தின் வாழ்க்கையை அறிவதற்கு இன்றும் அந்நூல் இன்றியமையாதது. ஒரு கார்த்திகைப் புயல் முறித்த பாய்மரத்திலிருந்து அந்நூல் பிறந்தது எனலாம்.

அடுத்து 1782ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைக் கைப்பற்றினார். ஆகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அதனைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி இருவரும் துறைக்கு வெளியே பொருதும் முடிவு ஏற்படவில்லை. வாடை நெருங்கியது. திருக்கோணமலையை இழந்த ஹியூஸுக்குச் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லை. ஒக்டோபரில் சென்னைக் கடலில் எழுந்த புயலுக்குத் தப்பி, தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கே போக வேண்டியதாயிற்று. ஒரு துறைமுகம் கைமாறியதனால் கிழக்குக் கரை முழுவதும் அம்மாரியில் ஆங்கிலக் கடற்படையின் காவலின்றிக் கிடந்தது.

ஆயினும் இக்கதைக்கு மறுபுறமும் உண்டு. வென்ற சுப்ரென்கூட அம்மாரியைத் திருக்கோணமலையிற் கழிக்கவில்லை. சுமாத்திராவின் ஆச்சே துறைக்குச் சென்று, 1783இலேயே திரும்பினார். திருக்கோணமலைத் துறை கப்பல்களுக்குக் காப்பளித்தது. ஆனால், பெரும்படைக்கு வேண்டிய உணவையும் பண்டங்களையும் அளிக்கும் வளம் அக்காலத்து ஊருக்கு இருக்கவில்லை. தங்குமிடம் வேறு, உணவு வேறு என்னும் இப்பாடம் இன்றைய பிரயாணிக்கும் உரியதே. மாரியில் இங்கு வருபவர், விடுதி திறந்திருக்கின்றதா, அங்கே சமையல் நடைபெறுகின்றதா என்ற இரண்டையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளல் நன்று.

1795இல் ஆங்கிலேயர் இத்துறையை மீண்டும் கைப்பற்றினர். அவர்கள் கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை இங்கே நிலைத்திருந்தது.

இனி, தரைவழியைப் பார்ப்போம். 1804ஆம் ஆண்டு ஒக்டோபரில் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் என்பவர், ஏறத்தாழ 300 வீரருடன் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுக் கண்டியை அடைந்தார். வேறு படைகளும் அங்கு வந்து சேரும் என்று அவர் எண்ணியிருந்தார். கட்டளையில் நேர்ந்த குழப்பத்தால் ஒருவரும் வரவில்லை. திரும்பும் வழியெங்கும் போரிட்டுக்கொண்டு, காடும் ஆறும் கடந்து, அம்மாதத்துப் பிற்பகுதியில் திருக்கோணமலையைச் சேர்ந்தார். அவர் வந்த காட்டுவழி வேறு. இன்றைய சாலை வேறு. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் இன்றைய சாலையின் நீளம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். காலையிற் புறப்பட்டால் பிற்பகலில் ஊர் சேரலாம்.

தெற்கேயுள்ள கரைவழியின் கதை வேறு. மகாவலி கங்கையின் கிளைகளும் களப்புகளும் குறுக்கிட்டமையால், மட்டக்களப்புச் சாலையிற் செல்வோர் ஓடத்துறை ஓடத்துறையாகக் காத்துநின்றே போக வேண்டியிருந்தது. வெள்ளம் பெருகினால் ஓடமும் நின்றுவிடும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில், போர் முடிந்த சில மாதங்களில், ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன. மாரிகாலத்து மோட்டார்ப் பிரயாணம் மூதூர்ப் பக்கத்துக்கு இயல்வதாயிற்று இப்பாலங்களாலேயே.

எனினும், பாலம் இல்லாத இடத்தின் துயரத்தையும் மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடிவுறாத நிலையில் மக்களை ஏற்றிச்சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். மாரி என்பது விருந்தினருக்கு வாடகை குறைந்த காலம். அங்கு வாழ்வோருக்கோ அன்றாடம் பள்ளிக்கும் சந்தைக்கும் நீரைக் கடந்தே தீரவேண்டிய காலம்.

புயலையும் கணக்கிற் கொள்ளவேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் திருக்கோணமலைப் பகுதியையும் தாக்கியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ப் புயல் திருக்கோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. ஆதலால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருவோர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை நாள்தோறும் கேட்டுக்கொள்ளல் கடமை. ஆபத்து மாரிக்கே உரியது என்று கொள்வதும் தவறு. கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டது 1986 ஏப்ரில் 20ஆம் திகதி. யப்பானியர் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது 1942 ஏப்ரில் 9ஆம் திகதி. இரண்டும் நல்ல பருவம் என்று நாம் சொல்லும் காலத்தில் நிகழ்ந்தவையே.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், மாரிகாலப் பிரயாணத்துக்கு ஒரு திட்டம் தானே உருவாகின்றது. நாளைத் தெரிவுசெய்யும் உரிமை இருப்பின் தை மாதத்துப் பிற்பகுதியும் மாசியும் சிறந்தவை. மழை தணிந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், பெரும்போக நெல் விளைந்து நிற்கும். கொழும்பிலிருந்து வழி ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரே மூச்சில் ஓட்டாமல், முதல்நாள் இரவு தம்புள்ளையிலோ ஹபரணையிலோ தங்குவது நல்லது. ஹபரணைக்கு அப்பால் யானைகள் சாலையைக் கடக்கும் காடு. மழையிருளில் அங்கே வண்டி செலுத்துதல் கூடாது. மறுநாட் காலை புறப்பட்டால், கந்தளாய்க் குளத்தைக் கண்டு, நண்பகலில் ஊரை அடையலாம்.

அங்கே ஒரு நாள் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் உரியது. சம்பந்தர் பாடிய பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அக்கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். கோட்டை வாயிலில் கயற்சின்னம் பொறித்த கல்லை இன்றும் காணலாம். இன்றுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மார்கழியிற் செல்வோருக்குத் திருவெம்பாவைப் பூசையும், மாசியிற் செல்வோருக்குச் சிவராத்திரியும் வாய்க்கும். இன்னொரு நாள் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு. மழைக்குளிரில் அவ்வெந்நீரின் இன்பம் ஆடி வெயிலில் வருவோர்க்குக் கிட்டாது. மற்றொரு நாள், வெள்ள எச்சரிக்கை இல்லையாயின், கிண்ணியா வழியாக நொக்ஸ் சிறைப்பட்ட கொட்டியாரக் கரைக்கு. புறாத்தீவையும் கடற்குளிப்பையும் விட்டுவிடல் வேண்டும். இறுதியாக, எத்திட்டத்திலும் அடங்காத ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நீர் ஏறினால் அது வடியும்வரை காத்திருக்க அந்நாள் உதவும். நீர் ஏறாவிடில் அது இருவருக்கும் உரிய நாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் சுவாமிமலை உச்சியில் நின்று, கீழே வெளிக்கடல் பாறையில் மோதிச் சீறுவதைக் காணுங்கள். பின்னர் வண்டியில் ஏறிச் சில நிமிடத்தில் உட்துறைக் கரைக்கு வாருங்கள். அங்கே நீர் அலையின்றிக் கிடக்கும். ஆடியில் வருபவர் இரு நீரும் அமைதியாயிருக்கவே காண்பர். போர்த்துக்கேயர், தேனியர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐந்து நாட்டார் இக்கரையை நாடி வந்த காரணம் மாரியில் வருபவரின் கண்ணுக்கே நேராகப் புலப்படும்.